மோந்து சொல்லுங்க பாய்

திருப்பூர் காதர்பேட்டையை ஒட்டிய சந்தில் நான் சாயமும் கெமிக்கலும் விற்ற காலத்தில், கடைக்குள் கால் வைத்ததும் மூக்கை உறிஞ்சி, "ஹைட்ரோஸ் டப்பா எதையோ சரியா மூடலீங்க பாய்" என்று சொல்லும் ஒரு மனிதர் இருந்தார். சௌக்கியமா என்று கேட்க மாட்டார். நான் எரிச்சலோடு எழுந்து உள்ளே போய்ப் பார்ப்பேன். சாயம் போக்குகிற அந்தப் பொடி டப்பாவின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். ஒரு தடவையாவது இந்த ஆள் சொல்வது தப்பாகப் போகாதா என்று எனக்கு ஆசையாக இருக்கும்.

அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் டையிங் யூனிட்டில் மாஸ்டர். பனியன் துணிக்கு எந்தச் சாயத்தை எவ்வளவு போடுவது, எத்தனை சூட்டில் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று முடிவு செய்கிறவர். ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. சோமனூர்ப் பக்கத்து நெசவுக் குடும்பம், முருக பக்தர், கிருத்திகை தவறாமல் மலைக்குப் போகிறவர். ஒல்லியான உடம்பில் மூக்கு மட்டும் பெரிதாக இருக்கும். எதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். டீ வந்தால் மோப்பார், நான் கொடுக்கும் சாம்பிள் பொட்டலத்தை மோப்பார், காலையில் வந்த பேப்பரைக்கூட மோந்துவிட்டுத்தான் பிரிப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் கடைக்கு வந்து உட்கார்ந்தால், "இன்னிக்கு மல்லி அத்தர் போட்டிருக்கீங்க. போன வாரத்துச் சந்தனம் காலர்ல இன்னும் இருக்குது. சட்டையச் சித்த நல்லாத் தொவைக்கச் சொல்லுங்க" என்பார். என் வீட்டுக்காரி கண்டுபிடிக்காததை எல்லாம் இவர் கண்டுபிடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

வெளுத்த துணியில் குளோரின் மிச்சம் இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும், லாட்டே வீணாகும். அதைச் சோதிக்க ஒரு பேப்பர் உண்டு. ஈரத் துணியில் ஒற்றினால், குளோரின் இருந்தால் நீலமாகும். என் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மாஸ்டர் மட்டும் அதை வாங்க மாட்டார். தொட்டியிலிருந்து ஈரத் துணியை இரண்டு கையிலும் வாரி எடுத்து, முகத்தை அதில் புதைத்து ஆழமாக ஒரு இழுப்பு இழுப்பார். "இன்னொரு தண்ணி உடுங்க" என்பார், இல்லாவிட்டால் "போதும், சாயத்துக்குப் போகட்டும்" என்பார். எத்தனை லாட் வந்தாலும் இதே கதைதான். பக்கத்தில் நின்ற எனக்கே கண் எரிந்து தண்ணீர் கொட்டும்.

"ஏனுங்க மாஸ்டர், பேப்பர் எதுக்கு இருக்குதுங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேப்பர் பொய் சொல்லுமுங்க பாய். மூக்கு சொல்லாது" என்றார்.

இந்த மனிதருக்கு ஒயின் பைத்தியம் பிடித்ததும் சாயத்தால்தான். எண்பதுகளின் நடுவில் இருக்கும். பிரான்ஸிலிருந்து பனியன் வாங்க வந்துகொண்டிருந்த பையர் ஒருவர் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒரு நிறம் கேட்டார். வழக்கமாக இந்த நிறம் வேண்டும் என்று ஒரு துண்டுத் துணி கொடுப்பார்கள். அவரிடம் துணி இல்லை. பெட்டியைத் திறந்து ஒரு ஒயின் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து, இதுதான் நிறம் என்று சொல்லிவிட்டு பம்பாய்க்குப் போய்விட்டார். மாஸ்டருக்குச் சாம்பிள் என்றால் சாம்பிள்தான். பாட்டிலைத் திறந்து பீக்கரில் ஊற்றி, நல்ல வெளிச்சம் விழட்டும் என்று ஜன்னலோரம் வைத்தார். சித்திரை வெயில் அதன்மேல் நேராக அடித்தது. துண்டு துண்டாகத் துணிக்குச் சாயம் போட்டு அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் ஏதோ கொஞ்சம் ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னும் கொஞ்சம் பழுப்பு என்று சேர்த்துக்கொண்டே போனார். கடைசியில் அச்சாகப் பொருந்தியது. பையர் திரும்பி வந்து துணியைப் பார்த்தார், பீக்கரைப் பார்த்தார், பீக்கரைத் தூக்கி மோந்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். மாஸ்டர் பொருத்தி வைத்தது செத்துப்போன ஒயினின் நிறத்தை. திறந்து வைத்தால் அது நாளுக்கு நாள் கெட்டு நிறம் மாறும் என்று திருப்பூரில் யாருக்குத் தெரியும்?

பையர் நல்ல மனிதர். அன்று மாலையே மாஸ்டரைக் கோயமுத்தூரில் தான் தங்கியிருந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், புது பாட்டில் திறந்து, கிளாஸைச் சுழற்றி, மோந்து, ஒரு வாய் உறிஞ்சி எப்படி ருசி பார்ப்பது என்று காட்டியிருக்கிறார். மறுநாள் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்த மாஸ்டர் முகத்தில், மலையேறிச் சாமி கும்பிட்டு வந்த களை இருந்தது.

"பாய், நாம போடற சாயம் போட்ட அன்னிக்கு எப்புடி இருந்துச்சோ அப்புடியே இருக்கோணும். மாறுனா ரிஜக்ட்டு. இது அப்புடி இல்லீங்க. ஊத்துனதும் நாவப்பழம். சித்த நேரங் கழிச்சு, புது பேல் பிரிக்கறப்ப ஒரு பஞ்சு வாசம் வருமல்லங்க, அது. அப்பறம் மழைல நனைஞ்ச கவுறு. எல்லாம் ஒரே கிளாஸுக்குள்ளயேங்க."

"போதை ஏறுச்சுங்களா?"

"துப்பீட்டனுங்க" என்றார் சாதாரணமாக.

அதன்பின் அவரைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் போர்டில்தான் ஒயின் இருக்கும், உள்ளே பிராந்திதான். அதனால் அவருக்கு அந்தப் பாட்டில்களே கதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஒரு வாய் ஊற்றுவார். கண்ணை மூடி வாய்க்குள் உருட்டுவார். பிறகு சாக்கடையில் துப்புவார். சிவப்பாகத் துப்பியதைப் பார்த்த பக்கத்து வீட்டார் மாஸ்டருக்குக் காசம் வந்துவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். அவர் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்த வேதனை இருந்தது. பாட்டிலைக் கண்டாலே அந்த அம்மாவுக்கு உடம்பு எரியும். ஒருநாள் என் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, குடிக்கறவன் குடிச்சுத் தொலையறான். இவரு வாயில ஊத்தி ஊத்தித் துப்பறாரு. இதைய நான் எந்தச் சாமிகிட்டப் போயி மொறையிடறதுங்க?"

"துப்பற வரைக்கும் நல்லதுதானுங்க அம்மிணி" என்று சொல்லி அனுப்பினேன்.

மாஸ்டரின் ஆசை ஒன்றுதான். பிரான்ஸுக்குப் போய், திராட்சை அறுக்கிற செப்டம்பர் மாதத்தில், அந்தத் தோட்டங்களில் நின்று, நிலவறைக்குள் இறங்கி, பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுப்பதை மோந்து பார்க்க வேண்டும். பையர் கொடுத்த பிரான்ஸ் மேப் ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கும். ஆடி பிறந்ததும் அதை என் கல்லாமேல் விரித்துவிடுவார். எந்த ஊரில் இறங்குவது, எந்த ரயில், எந்தக் குன்று காலையில் பார்க்க வேண்டியது, எது சாயங்காலம் பார்க்க வேண்டியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி ஊர் மனப்பாடம் ஆயிற்று.

"இந்த ஊருல துலுக்கங் கடை இருக்குதாமுங்க, வெசாரிச்சுட்டேன். உங்களுக்குக் கறி பிரச்சினையில்லை."

"நான் வர்றேன்னு யாருங்க சொன்னது?"

"தனியாப் போயி மோந்துட்டு யாருகிட்டச் சொல்றதுங்க?"

ஆனால் திராட்சை அறுக்கும் அதே மாதத்தில்தான் எங்கள் ஊரில் வெளிநாட்டின் அடுத்த கோடைக்கால ஆர்டர்கள் வந்து குவியும். மாஸ்டர் இல்லாமல் யூனிட் ஓடாது. முதலாளி தோளில் கைபோட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். அடுத்த வருஷமும் அதைத்தான் சொல்வார். மேப் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, டேப் போட்டு ஒட்டி, டேப்பும் பழுப்பாகிவிட்டது. மாஸ்டரின் மனைவி, "ஆசை இருக்குது தாசில் பண்ண" என்று பழமொழியைப் பாதியில் நிறுத்திவிடுவார். கழுதை மேய்க்கிற மீதியை மாஸ்டரே சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கும் சலித்துப்போனது. ஆடி வந்தால் இந்த ஆள் மேப்போடு வந்துவிடுவாரே என்று அலுப்பாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆடி மாதம் அவர் மேப் கொண்டுவரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஹைட்ரோஸ் டப்பா நாள் முழுக்கத் திறந்து கிடந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சளி பிடித்து நான் அத்தரே போடாமல் வந்திருந்தேன். "இன்னிக்கு மல்லி பிரமாதமுங்க பாய்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயக் கம்பெனிக்காரர்கள் ஏஜெண்டுகளை எல்லாம் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். மாஸ்டரும் என்னோடு கிளம்பினார். அந்த ஊருக்கு வடக்கே ஒரு மலையடிவாரத்தில் ஒயின் தயாரிக்கும் இடம் ஒன்று வந்திருப்பதாகவும், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றும் கெஞ்சினார். டாக்ஸி வைத்துக்கொண்டு போனோம். திராட்சைத் தோட்டம், எங்கள் டையிங் பாத்திரங்களைப் போலவே ஸ்டீல் தொட்டிகள், ஏசி போட்ட ஒரு சின்ன அறை. டை கட்டிய ஒரு தம்பி எங்கள் முன்னால் ஆளுக்கொரு கிளாஸ் வைத்து, ஏற்கெனவே திறந்திருந்த பாட்டிலிலிருந்து ஊற்றினான். எனக்கு வேண்டாம் என்றேன். பனைமரத்தடியில் பால் குடித்தாலே கள் என்கிற ஊர் நம் ஊர், தாடியும் தொப்பியுமாக நான் அங்கே கிளாஸ் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கிளாஸிலிருந்து எனக்கு அசிட்டிக் ஆசிட் நெடி அடித்தது. கேன் கேனாக அதை விற்றுப் பிழைக்கிறவன் நான், எட்டி நின்றாலும் தெரியும். ஒயின் புளித்துக் காடியாகிவிட்டிருந்தது. மாஸ்டர் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். "வெரி குட். நாவப்பழம் நல்லாத் தெரியுது" என்றார்.

நான் முகம் சுளித்ததில் அந்தத் தம்பிக்குச் சந்தேகம் வந்து பாட்டிலை மோந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. பழைய பாட்டில் சார், மன்னிச்சுக்கோங்க என்று ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று கொண்டுவந்து திறந்தான். இப்போது நாற்றம் இல்லை, பழ வாசனை அறை முழுக்க வந்தது. மாஸ்டர் அதே போலச் சுழற்றினார், அதே போலக் கண்ணை மூடினார், அதே நேரம் இருந்தார். "இதுவும் வெரி குட்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பும்போது டாக்ஸியில் பாதி வழியில் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"கண்டுபுடிச்சுட்டீங்கல்லங்க" என்றார்.

"எத்தனை நாளாங்க மாஸ்டர்?"

"மொள்ள மொள்ளத்தானுங்க போச்சு. மொதல்ல மல்லி போச்சு. அப்பறம் காப்பி. ஒருநா ஈரத்துணில மூஞ்சிய வெச்சேன், ஒண்ணுமே இல்லை. வெறுந் தண்ணியாட்டம். கோயமுத்தூர் டாக்டரு டார்ச்சடிச்சுப் பாத்துட்டு, உள்ள வெந்துபோச்சுன்னு சொல்லீட்டாரு. குளோரின் பண்ணுன வேலைங்க."

"யூனிட்டுல?"

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு, நான் விற்கிற அந்தச் சோதனைப் பேப்பரில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். "வேற கடைல வாங்கறனுங்க. உங்ககிட்ட வாங்க வெக்கம். யாரும் பாக்காம ஒத்தி எடுத்துட்டு, அப்பறம் எல்லாரும் பாக்கறாப்பல மூஞ்சிய வெக்கறேன். தெரிஞ்சா மாஸ்டருக்கு மருவாதி ஏதுங்க? ஊட்டுல அவளுக்கும் சொல்லலை. மூக்கு இருக்கற வரைக்கும் சளின்னு எங்கய்யன் சொல்லுவாரு. எனக்கு மூக்கும் இருக்குது, சளியும் இருக்குது. வாசம் மட்டுந்தான் இல்லை."

"அப்பறம் எதுக்குங்க இங்க வந்தோம்?"

"இங்க வந்தாலாவது தெரியுமான்னு பாத்தனுங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருஷமாக என் சட்டைக் காலரை மோந்து என்னை எரிச்சல்படுத்திய மூக்கு அது. அது இல்லாமல் போகும் என்று நான் நினைத்ததே கிடையாது.

அதற்குப் பிறகு பாட்டில் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வர ஆரம்பித்தார். ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி என் முன்னால் நீட்டி, "மோந்து சொல்லுங்க பாய்" என்பார். முதலில் நான் சத்தம் போட்டேன். அல்லாவுக்குப் பயந்தவன் கடையில் இது என்ன கூத்து என்று திட்டினேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி, "மோந்து பாக்கறது பாவமான்னு பள்ளிவாசல் அசரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்றாள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை. கண்ணை மூடி மோந்து, தெரிந்ததைச் சொன்னேன். ஊறப்போட்ட புளி என்பேன், புதுச் செருப்பு என்பேன். மாஸ்டர் கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்து நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அதுக்கு அடியில ஒண்ணு இருக்குமுங்க. நிதானமாப் பாருங்க" என்பார். நிதானமாக மோந்தால் நிஜமாகவே ஒன்று இருக்கும். வாசமே தெரியாத ஆள் எனக்குச் சொல்லிக்கொடுப்பதாவது என்று கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இத்தனையும் ஆன பிறகுதான் பிரான்ஸ் வந்து கதவைத் தட்டியது. பழைய பையர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது, மாஸ்டரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டார். அந்த வருஷம் முதலாளியும் சரி என்றுவிட்டார். டிக்கெட், விசா, எல்லாம் கம்பெனி செலவு. செப்டம்பர் மாதம், திராட்சை அறுப்பு. மாஸ்டரின் மனைவி சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். பருப்புப்பொடி இடித்தார், ஸ்வெட்டர் வாங்கினார். வீடே கல்யாண வீடாக இருந்தது. மாஸ்டர் மட்டும் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"வேண்டாமுன்னு சொல்லீரட்டுங்களா பாய்? அந்த மனுசன் கிளாஸ நீட்டி எப்புடி இருக்குதுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்றதுங்க?"

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். போயி நில்லுங்க. பாத்துட்டு வாங்க. கண்ணு இருக்குதல்ல?" என்றேன். நான் கோபமாகத்தான் சொன்னேன். யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

போய்விட்டு வந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். முகம் கொஞ்சம் சிவந்து, உடம்பு தேறியிருந்தார். அவர் மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் இருக்கிறது, இறங்கி வந்து காப்பி போடுகிறேன் என்று மேலிருந்தே குரல் கொடுத்தார். மாஸ்டர் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. விடிகாலைப் பனியில் திராட்சை இலை என்ன வாசம் அடிக்கும் என்று சொன்னார். அறுத்த பழத்தைக் கூடையில் கொட்டும்போது எழும்பும் வாசம், அறுக்கிற பெண்களின் கையுறையில் ஒட்டிய சாறு வெயிலில் காய்கிற வாசம், பழைய பீப்பாய்க்கும் புதுப் பீப்பாய்க்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சொன்னார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நிஜமாகவே அங்கே நிற்பது போல இருந்தது. மூக்கு திரும்பி வந்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் நம்பினேன்.

"அப்பறம் நெலவறைக்குக் கூட்டீட்டுப் போனாருங்க. கதவத் தொறந்ததும் பாருங்க பாய், குப்புன்னு ஒரு வாசம்..."

அந்த நேரத்தில்தான் பால் தீய்கிற நாற்றம் வந்தது. பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, கருகிக்கொண்டிருந்தது. கூடத்தில் புகையின் காரம் ஏறியது. மாஸ்டர் நிறுத்தவில்லை. அந்தக் கருகல் நாற்றத்தின் நடுவில் உட்கார்ந்து, கண்கள் பளபளக்க, நிலவறையின் வாசத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மெல்ல எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"எங்க போனீங்க?"

"தண்ணி குடிக்கப் போனனுங்க. சொல்லுங்க."

மாடிப்படியில் அவர் மனைவி வேகமாக இறங்கி வருவது கேட்டது. வாசற்படியில் நின்றார். மூக்கைச் சுளித்தார். அடுக்களையை எட்டிப் பார்த்தார். அணைத்த அடுப்பையும் கருகிய பாத்திரத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேசிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இவருக்கும் எல்லாம் தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மாஸ்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பறம்? கதவத் தொறந்ததும் என்ன வாசமுங்க வந்துச்சு?" என்று கேட்டார்.